ஸ்பானிஷில் சொந்தக் கதை சொல்வது எப்படி: இறந்தகாலங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி ஓராண்டு ஆனபின் முதன்முறையாக ஒரு கதையை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். சின்னக் கதைதான். மழை இரவு, வீட்டில் நான் மட்டும், கரண்ட் போனது, யாரோ கதவைத் தட்டினார்கள். எல்லா வினைச்சொல்லையும் ஒரே இறந்தகாலத்தில் அடுக்கினேன். வடிவங்களில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஸ்பானியத் தோழி மூன்றாவது வரியிலேயே புருவத்தைச் சுருக்கினார். "மழை பெய்து ஓய்ந்துவிட்டதா? புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டாயா? அதற்கப்புறம்தான் கரண்ட் போனதா?" என்று கேட்டார்.

நான் சொல்ல நினைத்தது "மழை பெய்துகொண்டிருந்தது, படித்துக்கொண்டிருந்தேன்". அவர் காதில் விழுந்தது "மழை பெய்தது, படித்தேன், கரண்ட் போனது" என்று வரிசையாக நடந்த மூன்று சம்பவங்கள். தமிழில் இந்த இரண்டையும் நான் ஒருநாளும் குழப்பியதில்லை. பிறகு ஏன் ஸ்பானிஷில் குழப்பினேன்? நான் படித்த பாடநூல் ஆங்கில வழி. ஆங்கிலத்தில் நின்றுகொண்டு ஸ்பானிஷை எட்டிப் பார்த்ததில் என் தமிழ்க் காதை எங்கோ தொலைத்துவிட்டேன். அந்தக் காதைத் திரும்ப எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தக் காது ஏமாற்றும் சில இடங்களைத் தெரிந்துகொள்வது. இந்த வழிகாட்டி இரண்டையும் பற்றியது.

படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, ஆனால் எந்த அசையை அழுத்துகிறோம் என்பது உயிர்நாடி. அதனால் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன். 'ஆப்லொ' என்றால் 'பேசுகிறேன்'. 'அப்லோ' என்றால் 'அவர் பேசினார்'. எழுத்துகள் அதேதான். அழுத்தம் இடம் மாறியதும் காலமும் ஆளும் மாறிவிட்டன. நெடிலைக் கண்டால் இழுக்காதீர்கள், அழுத்துங்கள். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நான் 'ஸ' எழுதும் சில இடங்களில் நாக்கு பல்லிடுக்கில் வரும்.

முதல் படி: கதையைத் தமிழில் எழுதுங்கள்

நேராக ஸ்பானிஷில் தொடங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வரியில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் தமிழில் எழுதுங்கள். என் கதை இது:

இரவு நேரம். மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன், புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. எழுந்தேன், மெழுகுவத்தி தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். பயமாக இருந்தது, திறக்க மனமில்லை. மறுபடி தட்டினார்கள். கடைசியில் திறந்தேன். பக்கத்து வீட்டு அம்மா. குடை பிடித்திருந்தார், கையில் என் சாவிக்கொத்து. நான்தான் அதைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இருவரும் சிரித்தோம்.

இரண்டாம் படி: கடிகாரம் நகர்கிறதா?

ஒவ்வொரு வினையிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நடந்ததும் கதையின் கடிகாரம் அடுத்த நிமிடத்துக்கு நகர்ந்ததா, அல்லது கடிகாரம் நின்றபடியே காட்சியைக் காட்டுகிறதா?

கரண்ட் போனது: நகர்ந்தது. எழுந்தேன், தேடினேன், கிடைக்கவில்லை, தட்டினார்கள், மறுபடி தட்டினார்கள், திறந்தேன், சிரித்தோம்: எல்லாம் நகர்ந்தவை. மொத்தம் எட்டு. இவை கதையின் முதுகெலும்பு. இவற்றுக்கு ஸ்பானிஷில் 'இந்தெஃபினீதொ' என்ற காலம்.

மழை பெய்துகொண்டிருந்தது, இருந்தேன், படித்துக்கொண்டிருந்தேன், பயமாக இருந்தது, மனமில்லை, குடை பிடித்திருந்தார்: இங்கே கடிகாரம் நகரவில்லை. இவற்றுக்கு 'இம்பெர்ஃபேக்தொ'.

விட்டுவிட்டு வந்திருந்தேன்: கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புகிறது. இதற்குத் தனிக் காலம் உண்டு, பிறகு வருகிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தெஃபினீதொ என்று பாடநூல்கள் சொல்வதை ஸ்பானிய மொழிக் கழகம் 'பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ' என்கிறது. கராகஸில் பிறந்த இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேயொ 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கண நூலில் வேறு பெயர்கள் வைத்தார். இம்பெர்ஃபேக்தொவை அவர் 'கொப்ரெதேரிதொ' என்றார், அதாவது உடன்நிகழ் இறந்தகாலம். மெக்ஸிகோவின் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெயரை இன்றும் பார்க்கலாம். எனக்குப் பிடித்த பெயர் இதுதான். 'முற்றுப்பெறாதது' என்ற வழக்கமான பெயரைவிட இது வேலையைச் சரியாகச் சொல்கிறது: தனியாக நிற்காது, இறந்தகாலத்தில் நடந்த இன்னொன்றின் பக்கத்தில் துணைக்கு நிற்கும். 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் "சரி, அப்போது?" என்பார் அல்லவா, அதுதான்.

மூன்றாம் படி: முதுகெலும்பை நிறுத்துங்கள்

இந்தெஃபினீதொ வடிவங்களை இங்கே முழுப் பட்டியலாகத் தரப்போவதில்லை, எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். கதை சொல்ல முதலில் தேவைப்படுபவை நான், அவர், நாங்கள், அவர்கள் என்ற நான்கும்தான்.

அகராதி வடிவம் 'ஆர்' என்று முடியும் வினைகள்: அப்லே, அப்லோ, அப்லாமொஸ், அப்லாரொன். பேசினேன், பேசினார், பேசினோம், பேசினார்கள்.

'ஏர்', 'ஈர்' என்று முடிபவை: கொமீ, கொம்யோ, கொமீமொஸ், கொம்யேரொன். சாப்பிட்டேன், சாப்பிட்டார், சாப்பிட்டோம், சாப்பிட்டார்கள்.

நான், அவர் இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில் விழுவதைக் கவனியுங்கள். இதை நழுவவிட்டால் 'அவர் பேசினார்' என்பது 'நான் பேசுகிறேன்' ஆகிவிடும். நான் பல மாதங்கள் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

அப்புறம் ஒழுங்கில்லாத ஒரு கூட்டம். அதிகம் பயன்படுபவையும் அவைதான்: தூபெ (எனக்கு இருந்தது, கிடைத்தது), எஸ்தூபெ (இருந்தேன்), பூதெ (என்னால் முடிந்தது), பூஸெ (வைத்தேன்), ஸூப்பெ (தெரியவந்தது), ஈஸெ (செய்தேன்), கீஸெ (விரும்பினேன்), பீனெ (வந்தேன்), தீஹெ (சொன்னேன்), த்ராஹெ (கொண்டுவந்தேன்). இவற்றில் அழுத்தம் கடைசியில் இல்லை, முன்னால் நகர்ந்துவிட்டது. 'அவர்' என்று மாற்றக் கடைசி ஒலியை 'ஒ' ஆக்கினால் போதும்: தூபொ, ஈஸொ, தீஹொ. பத்தையும் பாட்டுப்போல் மனப்பாடம் செய்யுங்கள், குறுக்குவழி இல்லை.

'போனேன்' என்பதற்கும் 'இருந்தேன்' என்பதற்கும் ஒரே சொல்: ஃப்வீ. 'போனார்', 'இருந்தார்' இரண்டும் ஃப்வே. கேட்க விபரீதமாகத் தோன்றும், ஆனால் வாக்கியத்தில் வரும்போது குழப்பமே வராது. கரண்ட் போனதற்கு ஸ்பானியர்கள் 'ஸெ ஃப்வே ல லூஸ்' என்பார்கள், விளக்கு போய்விட்டது என்று. நாமும் 'போனது' என்றுதானே சொல்கிறோம்.

இப்போது எலும்புக்கூடு:

தெ ரெப்பேந்தெ ஸெ ஃப்வே ல லூஸ். மெ லெபந்தே இ புஸ்கே ஊன பேல, பேரொ நோ எங்கொந்த்ரே நிங்கூன. எந்தோன்ஸெஸ் ஆல்கியென் தொக்கோ ல ப்வேர்த. தொக்காரொன் ஓத்ர பேஸ். அல் ஃபினால் அப்ரீ. நொஸ் ரெயீமொஸ் மூச்சொ.

திடீரென்று கரண்ட் போனது, எழுந்து மெழுகுவத்தி தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை, அப்போது யாரோ தட்டினார்கள், மறுபடி தட்டினார்கள், கடைசியில் திறந்தேன், நன்றாகச் சிரித்தோம். இதை மட்டும் படித்தாலே ஒரு கதை நிற்கிறது. மொட்டையாக இருந்தாலும் நிற்கிறது. நிற்கவில்லையென்றால் முதுகெலும்பு வினை ஒன்றை எங்கோ காட்சிப் பக்கம் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள்.

நான்காம் படி: காட்சியை வரையுங்கள்

இம்பெர்ஃபேக்தொ வடிவங்கள் ஸ்பானிஷிலேயே மிகச் சுலபமானவை. 'ஆர்' வினைக்கு 'ஆப': அப்லாப, எஸ்தாப, யெபாப. மற்றவற்றுக்கு 'ஈய': கொமீய, தெனீய, லெயீய, கெரீய. இதில் ஒழுங்கு தவறியவை மொத்தமே மூன்று: ஏர (இருந்தது), ஈப (போய்க்கொண்டிருந்தேன், போவேன்), பெயீய (பார்த்துக்கொண்டிருந்தேன்).

ஒரே சிக்கல், 'நான்' வடிவமும் 'அவர்' வடிவமும் ஒன்று. 'எஸ்தாப' என்றால் இருந்தது யார்? அதனால் கதையின் தொடக்கத்தில் 'யோ', அதாவது 'நான்', என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். மற்ற இடங்களில் ஸ்பானிஷும் தமிழ்போல் எழுவாயை விழுங்கிவிடும்.

ஏர தெ நோச்செ இ யொபீய. யோ எஸ்தாப ஸோலொ என் காஸ இ லெயீய ஊன் லீப்ரொ.

இரவு நேரம், மழை பெய்துகொண்டிருந்தது, நான் வீட்டில் தனியாக இருந்தேன், புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். சொல்பவர் பெண்ணானால் 'ஸோலொ' என்பது 'ஸோல' ஆகும்.

'லெயீய' என்பதற்குப் பதில் 'எஸ்தாப லெயேந்தொ' என்றும் சொல்லலாம். நம் '-கொண்டிருந்தேன்' போலவே இரண்டு சொல்லால் ஆன வடிவம் அது. புதிதாகக் கற்பவர்கள் எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுவார்கள், ஏனென்றால் பழகிய தடம். ஒன்றிரண்டு இடத்தில் நன்றாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் வந்தால் கதை மூச்சுவாங்கும்.

இம்பெர்ஃபேக்தொவுக்கு இன்னொரு வேலை, பழக்கத்தைச் சொல்வது. இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு பரிசே வைத்திருக்கிறது. "சின்ன வயதில் சாயங்காலமானால் விளையாடப் போவோம். அக்கா கதை சொல்லுவாள். நாங்கள் அப்படியே தூங்கிவிடுவோம்." நடந்து முடிந்த காலத்தைச் சொல்கிறோம், வடிவம் மட்டும் எதிர்காலம்! தமிழர் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. இந்த 'போவோம், சொல்லுவாள்' வருகிற இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபேக்தொ போடலாம்: தெ நீஞொஸ் ஈபமொஸ் அ ஹுகார் தோதஸ் லஸ் தார்தெஸ். சின்ன வயதில் தினமும் சாயங்காலம் விளையாடப் போவோம்.

எண்ணிக்கை வந்தால் கதை வேறு. 'மூன்று முறை போனேன்' என்றால் ஃப்வீ த்ரேஸ் பேஸெஸ். எண்ணிவிட்டீர்கள், எண்ணியது முடிந்துவிட்டது, ஆகவே இந்தெஃபினீதொ.

நீளமும் இதேபோல் ஏமாற்றும். பத்து ஆண்டு நீடித்ததே, அது காட்சிதானே என்று தோன்றும். இல்லை. 'அங்கே பத்து ஆண்டு வாழ்ந்தேன்' என்பது பிபீ அயீ தியேஸ் ஆஞொஸ், இந்தெஃபினீதொ. எவ்வளவு நீளம் என்பது கணக்கில்லை, இரண்டு பக்கமும் வேலி போட்டுச் சொல்கிறீர்களா என்பதுதான் கணக்கு. 'அப்போது அங்கே வாழ்ந்துகொண்டிருந்தேன்' என்றால் வேலி இல்லை: பிபீய அயீ. இரவு முழுக்க மழை பெய்ததைச் சொன்னால் யொப்யோ தோத ல நோச்செ. கதவு தட்டப்பட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது என்றால் யொபீய. மழை ஒன்றுதான், நீங்கள் நிற்கும் இடம்தான் வேறு: மழைக்கு வெளியே நின்று மொத்தமாக அளக்கிறீர்களா, உள்ளே நின்று நனைகிறீர்களா.

ஐந்தாம் படி: தமிழ்க் காது ஏமாற்றும் இடங்கள்

இதுவரை தமிழ் உதவியது. இனிக் கவனம். ஆங்கில வழிப் புத்தகங்கள் இவற்றைத் தமிழ்க் கோணத்தில் சொல்லாது, ஏனென்றால் இவை நம் தடுமாற்றங்கள்.

முதலாவது, 'இருந்தது'. தமிழில் ஒரே 'இருந்தது' நான்கு ஸ்பானிஷ் சொற்களுக்கு நிற்கிறது: ஏர, ஃப்வே, எஸ்தாப, எஸ்தூபொ. காட்சியைச் சொன்னால் ஏர அல்லது எஸ்தாப. முழுவதையும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஃப்வே அல்லது எஸ்தூபொ. கதையின் தொடக்கத்தில் 'அது குளிரான நாள்' என்றால் ஏர ஊன் தீய ஃப்ரீயொ. கதையை முடித்துவிட்டு 'அது ஒரு கஷ்டமான நாளாக இருந்தது' என்று பெருமூச்சு விட்டால் ஃப்வே ஊன் தீய திஃபீஸில். நான் முதல்முறை கதை சொன்னபோது 'எஸ்தூபெ ஸோலொ' என்றேன். தோழி உடனே "எவ்வளவு நேரம்?" என்றார். எஸ்தூபெ என்றதும் இரண்டு பக்கமும் வேலி இருக்கிறது என்று அவர் காது எதிர்பார்த்தது.

'ஏராளமான கூட்டம் இருந்தது' என்பதற்கு அபீய மூச்ச ஹேந்தெ. 'ஒரு விபத்து நடந்தது' என்பதற்கு ஊபொ ஊன் அக்ஸிதேந்தெ. அபீய, ஊபொ இரண்டும் ஒரே வினை. கூட்டம் எவ்வளவு பெரியதானாலும் இந்த வினை ஒருமையில்தான் நிற்கும். நம் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' போல ஸ்பானிஷ் சிறுவர் கதைகள் 'அபீய ஊன பேஸ்' என்று தொடங்குவதும் இதே அபீயதான்.

இரண்டாவது, வினையே இல்லாத வாக்கியம். என் தமிழ்க் கதையைத் திரும்பப் பாருங்கள்: 'இரவு நேரம்.' 'பக்கத்து வீட்டு அம்மா.' 'கையில் என் சாவிக்கொத்து.' மூன்றிலும் வினை கிடையாது. ஸ்பானிஷில் விடமுடியாது, மூன்றுக்கும் இம்பெர்ஃபேக்தொ வேண்டும். ஏர தெ நோச்செ. ஏர மி பெஸீன. தெனீய மிஸ் யாபெஸ் என் ல மானொ. கதவைத் திறந்த கணத்தில் பக்கத்து வீட்டு அம்மா தெரிந்தார், அது சம்பவம்தானே, ஃப்வே போடக்கூடாதா என்று கேட்கலாம். திறந்ததுதான் சம்பவம். அங்கே நின்றவர் பக்கத்து வீட்டு அம்மா என்பது நான் திறக்கும் முன்னும் உண்மை, மூடிய பின்னும் உண்மை.

மூன்றாவது, '-வில்லை'. 'வரவில்லை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். ஸ்பானிஷில் நோ பீனொ என்றால் வரவில்லை, கதை முடிந்தது. நோ பெனீய என்றால் காத்திருக்கிறேன், இன்னும் வந்தபாடில்லை. என் கதையில் மெழுகுவத்தி விஷயத்தில் நோ எங்கொந்த்ரே என்றேன்: தேடினேன், இல்லை, விட்டுவிட்டேன். நோ எங்கொந்த்ராப என்றிருந்தால் கேட்பவர் நான் இன்னும் இருட்டில் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார். எதிர்மறை வினை வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, அதன் நேர்மறையைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, 'தெரியும்'. 'எனக்கு அப்போதே தெரியும்' என்று இறந்தகாலத்தைப் பற்றிப் பேசும்போதும் நாம் 'தெரியும்' என்றே சொல்கிறோம். ஸ்பானிஷில் அது யா லொ ஸபீய. 'அன்றைக்குத்தான் தெரியவந்தது' என்றால் லொ ஸூப்பெ ஏஸெ தீய. இப்படி இரண்டு காலத்தில் இரண்டு பொருள் தரும் வினைகள் ஒரு கைப்பிடி இருக்கின்றன. கொனொஸீய என்றால் அவரை ஏற்கெனவே பழக்கம். கொனொஸீ என்றால் அன்று அறிமுகமானேன். பொதீய என்றால் என்னால் முடியும் நிலையில் இருந்தேன், செய்தேனா என்பது வேறு. பூதெ என்றால் செய்தே விட்டேன். தெனீய கெ இர் என்றால் போகவேண்டியிருந்தது, போனேனா இல்லையா என்று கதை இன்னும் சொல்லவில்லை. தூபெ கெ இர் என்றால் போகவேண்டியதாகிவிட்டது, போனேன்.

இந்த வரிசையில் ஆபத்தானது ஒன்று உண்டு. நோ கெரீய அப்ரீர் என்றால் திறக்க மனமில்லை; பிறகு திறந்தும் இருக்கலாம், நான் திறந்தேன். நோ கீஸெ அப்ரீர் என்றால் திறக்க மறுத்துவிட்டேன். அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு வரி கழித்து 'அப்ரீ' என்றால் கேட்பவர் நிச்சயம் குழம்புவார்.

ஆறாம் படி: பின்னோக்கித் திருப்புங்கள்

சாவியைக் கதவில் விட்டது கதை தொடங்கும் முன்பே நடந்தது. ஆனால் கதையில் அது கடைசியில்தான் வெளிப்படுகிறது. இதற்கு 'அபீய' என்ற துணைச்சொல்லோடு வினையின் 'ஆதொ' அல்லது 'ஈதொ' வடிவம்: லஸ் அபீய தெஹாதொ என் ல ப்வேர்த. அவற்றைக் கதவில் விட்டிருந்தேன். தமிழின் '-இருந்தேன்' அப்படியே பொருந்துகிறது.

மூன்று காலமும் ஒரே வாக்கியத்தில் எப்படிக் கதையை மாற்றுகின்றன என்று பாருங்கள்:

க்வாந்தொ யெகே, மி அமீகொ ஸலீய. நான் போனபோது நண்பர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

க்வாந்தொ யெகே, மி அமீகொ ஸல்யோ. நான் போனதும் நண்பர் கிளம்பினார்.

க்வாந்தொ யெகே, மி அமீகொ அபீய ஸலீதொ. நான் போவதற்குள் நண்பர் கிளம்பிப் போயிருந்தார்.

முதல் வரியில் வாசலில் இருவரும் சந்திக்கிறோம். மூன்றாவதில் சந்திப்பே இல்லை. இரண்டாவதில்? என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்விட்டார், ஏதோ மனத்தாங்கல் என்று கேட்பவர் ஊகிக்கக்கூடும். ஒரு வினையின் விகுதி இவ்வளவு வேலை செய்கிறது.

அபீயவைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஒருமுறை பின்னோக்கிப் போனால் போதும், மொத்தக் கதையையும் அங்கே நடத்தவேண்டியதில்லை.

ஏழாம் படி: மூட்டுகளைப் போடுங்கள்

இணைப்புச் சொற்கள் சில, காலத்தைக் கையோடு கூட்டிவரும். 'தெ ரெப்பேந்தெ' என்றால் திடீரென்று. அதன்பின் இந்தெஃபினீதொ வரும் என்று கேட்பவர் தயாராகிவிடுவார். 'எந்தோன்ஸெஸ்' என்றால் அப்போது, 'ல்வேகொ' என்றால் அப்புறம், 'அல் ஃபினால்' என்றால் கடைசியில். இவையும் பெரும்பாலும் அப்படியே. 'ம்யேந்த்ரஸ்', அதாவது அதே வேளையில், பெரும்பாலும் இம்பெர்ஃபேக்தொவை அழைத்துவரும். 'ஸ்யேம்ப்ரெ', எப்போதும், பழக்கத்தைச் சொல்லும்போது அதே பக்கம். ஆனால் இந்தச் சொற்களைப் பார்த்து மட்டும் காலத்தை முடிவு செய்யும் பயிற்சித்தாள் பழக்கம் எனக்குப் பிடிக்காது. 'அயேர்', நேற்று, என்ற சொல்லோடு இரண்டு காலமும் வரும். கடிகாரத்தைத்தான் கேட்கவேண்டும்.

எட்டாம் படி: பேச்சைச் சேர்க்கும்போது

கதையில் யாராவது பேசினால் நாம் 'என்றார்' போடுகிறோம். "'வருகிறேன்' என்றார்." உள்ளே நிகழ்காலம் அப்படியே இருக்கிறது. ஸ்பானிஷில் 'தீஹொ கெ' என்று சேர்த்துச் சொன்னால் உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்வாங்கவேண்டும்: தீஹொ கெ பெனீய. 'வருவேன் என்றார்' என்பதற்குத் தீஹொ கெ ஈப அ பெனீர். 'விட்டுவிட்டேன் என்றார்' என்பதற்கு 'அபீய'. இந்தப் பின்வாங்கல் நமக்கு இயல்பாக வராது. தயக்கமாக இருந்தால் வழி இருக்கிறது: மெ தீஹொ என்று நிறுத்தி, அவர் பேசியதை அவர் குரலிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். கதைக்கும் அது உயிர் கொடுக்கும்.

'என்றார்' என்பதற்குத் 'தீஹொ' ஒருமுறை சொன்னது. 'தெஸீய' என்றால் சொல்லிக்கொண்டே இருந்தார், சொல்வது வழக்கம். தாத்தா பாட்டி சொல்மொழிகளுக்குத் தெஸீய.

ஒன்பதாம் படி: கதை இன்றைக்கு நடந்ததா?

அதே இரவைப் பற்றி அடுத்த வாரம் சொன்னால் இதுவரை சொன்னது போதும். இன்று காலை நடந்ததை இன்றே சொன்னால் நாட்டைப் பொறுத்து மாறும். மாட்ரிட் பக்கம் 'ஏஸ்த மஞான ஏ பெர்தீதொ எல் அவுதொபூஸ்' என்பார்கள், நம் 'தவறவிட்டிருக்கிறேன்' போன்ற அமைப்பு. மெக்ஸிகோவில் அதே காலைக்குப் 'பெர்தீ' என்ற இந்தெஃபினீதொவே இயல்பு. கதை சொல்லும்போது இந்தெஃபினீதொவைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊரிலும் புரியும். மாட்ரிட்டில் கொஞ்சம் வெளியூர்க்காரர்போல் ஒலிக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்பீர்கள். கதை உச்சத்துக்குப் போகும்போது ஸ்பானியர்கள் சட்டென்று நிகழ்காலத்துக்குத் தாவுவார்கள்: இ எந்தோன்ஸெஸ் மெ தீஸெ, 'அப்போது என்னிடம் சொல்கிறார் பாருங்கள்'. நாமும் 'திரும்பிப் பார்த்தால், அங்கே நிற்கிறார்!' என்று செய்வதுதான். ஆசையாக இருக்கும். இறந்தகாலங்கள் கைக்கு அடங்கும்வரை அதைத் தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் தாவியதா தவறியதா என்று கேட்பவருக்குத் தெரியாது. விளையாட்டுச் செய்திகளில் முடிந்துபோன சம்பவத்தைக்கூட இம்பெர்ஃபேக்தொவில் எழுதும் ஒரு பாணியும் உண்டு. ரசியுங்கள், பின்பற்றாதீர்கள்.

முழுக் கதை

ஏர தெ நோச்செ இ யொபீய. யோ எஸ்தாப ஸோலொ என் காஸ இ லெயீய ஊன் லீப்ரொ. தெ ரெப்பேந்தெ ஸெ ஃப்வே ல லூஸ். மெ லெபந்தே இ புஸ்கே ஊன பேல, பேரொ நோ எங்கொந்த்ரே நிங்கூன. எந்தோன்ஸெஸ் ஆல்கியென் தொக்கோ ல ப்வேர்த. தெனீய ம்யேதொ இ நோ கெரீய அப்ரீர். தொக்காரொன் ஓத்ர பேஸ். அல் ஃபினால் அப்ரீ. ஏர மி பெஸீன. யெபாப ஊன் பராக்வஸ் இ தெனீய மிஸ் யாபெஸ் என் ல மானொ. லஸ் அபீய தெஹாதொ என் ல ப்வேர்த. நொஸ் ரெயீமொஸ் மூச்சொ.

எண்ணிப் பாருங்கள்: இந்தெஃபினீதொ எட்டு, இம்பெர்ஃபேக்தொ ஒன்பது, அபீய ஒன்று. உங்கள் கதையை எழுதியபின் இரண்டு முறை உரக்கப் படியுங்கள். முதல்முறை நகரும் வினைகளை மட்டும். சம்பவங்கள் வரிசையாக வரவேண்டும். இரண்டாம் முறை நிற்கும் வினைகளை மட்டும். ஒரு புகைப்படத்தை விவரிப்பதுபோல் இருக்கவேண்டும், எதுவும் நடக்கக்கூடாது. புகைப்படத்துக்குள் ஏதாவது நகர்ந்தால் அந்த வினையின் காலத்தை மாற்றுங்கள்.

பிறகு ஒரு பயிற்சி. இதுதான் எனக்கு உண்மையில் பலன் தந்தது. அதே கதையை இன்னொருவர் வாயால் சொல்லுங்கள். என் இரவைப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னால்? அவருக்கு மழை இன்னும் காட்சிதான், யொபீய. சாவியைப் பார்த்தது அவருக்குச் சம்பவம்: பீ ஊனஸ் யாபெஸ் என் ல ப்வேர்த. தட்டியதை அவர் எண்ணிச் சொல்வார்: தொக்கே தோஸ் பேஸெஸ், இரண்டு முறை தட்டினேன். நான் பயத்தோடு நின்ற அந்த நேரம் அவர் கதையில் ஒரு முடிவில்லாத '-வில்லை' ஆகிவிடுகிறது: பேரொ நோ அப்ரீய, திறக்கிறபாடில்லை. கடைசியில் போர் ஃபீன் அப்ர்யோ, ஒருவழியாகத் திறந்தார். அப்புறம் என் முகத்தைப் பற்றி ஒரு இம்பெர்ஃபேக்தொ: தெனீய கார தெ ஸூஸ்தொ. பேயைப் பார்த்தவன்போல் நின்றானாம்.